குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்து கல்லூரிக்கு வந்தவர்களுக்குத் துணை நிற்க, எம்.எஸ்.டபிள்யூ. (முதுநிலை சமூகப்பணி) மாணவர்களுக்கு என்ன கற்றுத்தர வேண்டும்?

கேள்வி கேட்டவர் ஏதோ ஒரு கல்லூரியின் சமூகப்பணித் துறையில் இருக்கிறார் என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் பாஸ்டர் கேரில், அதாவது அரசு ஏற்பாட்டில் வேறு குடும்பத்தின் பராமரிப்பில், வளர்ந்தவர்களுக்குக் கல்லூரி வளாகத்திலேயே உதவி மையம் இருக்கிறது, சமூகப்பணி மாணவர்கள் அதில் பயிற்சி எடுக்கிறார்கள், வட சென்னையில் அப்படிச் செய்ய முடியுமா, இண்டர்ன்களை எப்படிப் பழக்குவது என்று கேட்டிருக்கிறார். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருக்கிறேன். களப்பணிக்கு வரும் எம்.எஸ்.டபிள்யூ. மாணவர்களை மேற்பார்வை செய்வதும் என் பொறுப்பு. அந்த அளவில் சொல்கிறேன்.

அங்கே இருப்பதை அப்படியே இங்கே எடுத்து வைக்க முடியாது. கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் புல்லர்டன் வளாகத்தில் 1998-இல் தொடங்கிய கார்டியன் ஸ்காலர்ஸ் திட்டம் மற்ற கல்லூரிகளுக்கும் பரவியது. அதோடு அவர்களின் மத்திய அரசு கல்விக்கென்று வருடத்துக்கு 5,000 டாலர் வரை வவுச்சர் தருகிறது. 26 வயது வரை அதைப் பெற வழி உண்டு. இங்கே பாஸ்டர் குடும்பங்களில் வளரும் பிள்ளைகள் மிகக் குறைவு. பெரும்பாலும் இல்லங்கள்தான். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி 18 வயது முடிந்தால் குழந்தைகள் இல்லத்தை விட்டு வெளியேற வேண்டும். அதற்குப் பிறகு 21 வரை பிற்காப்பு (வெளியேறியவர்களுக்குத் தொடர்ந்து தரும் உதவி), தனிப்பட்ட காரணம் இருந்தால் 23 வரை நீட்டிக்கலாம். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் இதற்கு மாதம் 4,000 ரூபாய். ஆனால் சட்டத்தின் 46-ஆவது பிரிவு நிதியுதவி 'வழங்கப்படலாம்' என்றுதான் சொல்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு எழுதி, பின்னாலேயே நடந்து வாங்க வேண்டும். அந்த நடையை யார் நடப்பது என்பதில்தான் இண்டர்ன்களுக்கு இடம் இருக்கிறது.

எங்களிடம் வரும் இண்டர்ன் ஜூலை வாக்கில் வருவார், ஏப்ரலில் போய்விடுவார். அதுவும் வாரத்தில் இரண்டு நாள். இல்லத்திலிருந்து கல்லூரிக்கு வந்த மாணவனோ மூன்று வருடம் படிக்க வேண்டும். வார்டன் மாறினார், கவுன்சலர் மாறினார், மாதாமாதம் வருகிறேன் என்று சொன்ன அத்தை வரவே இல்லை. இப்படிப் பல பேர் வந்து போன வாழ்க்கை அவனுடையது. இன்னொரு அக்கா வந்து பத்து மாதம் பாசமாகப் பழகிவிட்டுக் காணாமல் போனால் அவனுக்கு என்ன லாபம்? சீக்கிரம் போகப்போகிற ஒருவர் எந்த வகையில் உருப்படியாக இருக்க முடியும் என்ற கேள்வியை வைத்துத்தான் நான் பயிற்சியைத் திட்டமிடுகிறேன். என் பதில்: முதல் பருவம் முழுக்கக் கவுன்சலிங் கிடையாது. காகித வேலைதான்.

இதைச் சொன்னதும் முகம் வாடும். கிளார்க் வேலை பார்க்கவா வந்தோம் என்று சிலர் துறையில் போய்ப் புகார் சொல்வதும் உண்டு. பரவாயில்லை. முதல் வேலையாக இண்டர்ன் தன் பெயருக்கே இ-சேவை மையத்தில் ஒரு வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். என்னென்ன கேட்டார்கள், எந்தக் கட்டத்தை நிரப்ப முடியவில்லை, எத்தனை முறை திருப்பி அனுப்பினார்கள் என்று ரிப்போர்ட் எழுத வேண்டும். அப்பா, அம்மா, ரேஷன் கார்டு எல்லாம் வீட்டில் இருக்கும் ஒருவருக்கே இது இவ்வளவு இழுக்கிறது என்று தெரிந்தபிறகு, 'குடும்பத் தலைவர் பெயர்' என்ற கட்டத்தின் முன்னால் ஒரு பையன் ஏன் எழுந்து போய்விடுகிறான் என்று நான் விளக்க வேண்டியிருக்காது.

சின்னச் சின்ன முடிச்சுகள்தான் இங்கே பெரிய பிரச்சினை. ஆதாரில் இருக்கும் மொபைல் எண் பழைய இல்லத்து அலுவலக எண்ணாக இருக்கும். எந்த விண்ணப்பம் போட்டாலும் ஓடிபி அங்கே போய் விழும். முகவரியும் இல்லத்தினுடையதே. வங்கிக் கணக்கு மைனர் கணக்காகவே கிடக்கும், 18 ஆனதும் மாற்றியிருக்க மாட்டார்கள். மதிப்பெண் பட்டியலில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு. இவை சரியாகாமல் உதவித்தொகை எதுவும் கைக்கு வராது. முதல் மாதத்திலேயே ஆதார் மையத்துக்கு மாணவனோடு போய்ச் சொந்த எண்ணை இணைத்துவிட்டால், அது அந்த இண்டர்ன் போன பிறகும் அவனோடு இருக்கும்.

அப்புறம் எது யாருக்குக் கிடைக்கும் என்ற அறிவு. கல்லூரி மாணவிகளுக்கு உதவித்தொகை தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி தொடங்கியது நம் பிராட்வே பக்கத்துப் பாரதி மகளிர் கல்லூரியில்தான். ஆண் மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்; அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் கிடைக்கும். இல்லத்துப் பிள்ளைகள் இரண்டு மூன்று இல்லம் மாறி, இரண்டு மூன்று பள்ளி மாறி வந்திருப்பார்கள். எந்த வருடம் எங்கே படித்தோம் என்பதே அவர்களுக்குக் குழப்பமாக இருக்கும். பள்ளிக்கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எமிஸ் எண்ணைப் பிடித்துக்கொண்டு அந்த வரலாற்றைத் திரட்டுவது இண்டர்ன் செய்யக்கூடிய அருமையான வேலை. இன்னொன்று பல ஆசிரியர்களுக்கே தெரியாது: பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, கவனிக்க யாருமில்லாமல், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இல்லத்தில் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் தனியாக இடம்பெற்றிருக்கிறார்கள். சாதி தெரியாது என்பதற்காகப் பொதுப் பிரிவில் விண்ணப்பித்துவிட்டு உட்கார வேண்டியதில்லை.

வயதுக் கணக்கையும் முதல் வாரமே போட வேண்டும். இடையில் படிப்பு விட்டுப்போய் மறுபடி சேர்ந்தவர்கள் பிளஸ் டூ முடிக்கும்போதே 19, 20 ஆகியிருக்கும். பி.ஏ. இரண்டாம் ஆண்டிலேயே 21 முடிந்துவிடும். நீட்டிப்புக்கான மனுவை அப்போது எழுத ஆரம்பித்தால் நடுவில் சில மாதம் பணம் நின்றுபோகும்.

சரி, காகிதம் போதும். மனிதர்களிடம் வருகிறேன்.

கல்லூரியில் இந்தப் பிள்ளைகள் அதிகம் பயப்படுவது அரியருக்கு இல்லை. "நாளைக்கு அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வா" என்ற வாக்கியத்துக்குத்தான். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் துறைத்தலைவர் இதைச் சொல்வார். சொன்ன மறுநாளிலிருந்து பையன் கல்லூரிக்கே வரமாட்டான். படிப்பை விட்டவர்களில் எத்தனை பேர் இந்த ஒரு வரியால் விட்டார்கள் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இண்டர்ன்களுக்கு உடனே ஒரு யோசனை வரும்: "நான் அவனோட அக்கான்னு சொல்லிட்டுப் போகட்டுமா மேடம்?" கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறேன். இந்த அக்கா ஏப்ரலில் போனபின் அடுத்த வருடம் வேறொரு அக்கா எங்கிருந்து முளைப்பாள்? பொய்யைக் காப்பாற்றும் சுமை அவன் தலையில்தான் விழும். அதற்குப் பதிலாக, மாணவன் சம்மதித்தால், சேர்ந்த புதிதிலேயே அவன் நம்பும் ஒரே ஒரு ஆசிரியருக்கு நிறுவனத்திலிருந்து கடிதம் கொடுத்துவிடுவோம். 'இவர் விஷயமாகப் பேச வேண்டுமென்றால் இந்தப் பொறுப்பாளரை அழைக்கவும்' என்பதைத் தவிர அதில் கதை எதுவும் இருக்காது. சம்மதிக்கவில்லை என்றால் கடிதமும் இல்லை. 18 தாண்டியவன், அவன் முடிவு.

இதற்காக ஒரு ரோல் பிளே வைப்போம். ஒருவர் கல்லூரி ஆபீஸ் கிளார்க், ஒருவர் மாணவர், ஒருவர் இண்டர்ன். இண்டர்ன் வாயைத் திறந்தால் ஆட்டம் முடிந்தது. பக்கத்தில் நிற்கலாம், வெளியே வந்தபிறகு பேசலாம், உள்ளே பேச வேண்டியது மாணவர் மட்டும். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். கிளார்க்காக நடிப்பவர் கொஞ்சம் அலட்சியமாக "உனக்கு யாருமே இல்லையா?" என்று கேட்டதும் பத்தில் எட்டு இண்டர்ன்கள் சண்டைக்குப் பாய்வார்கள். அந்த எட்டு பேரையும் எனக்குப் பிடிக்கும், ஆனாலும் திரும்ப முதலிலிருந்து செய்யச் சொல்வேன்.

அந்தக் கேள்வியே பாதி தவறு என்பதையும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. இல்லத்தில் வளர்ந்தவர்கள் எல்லோரும் பெற்றோரை இழந்தவர்கள் இல்லை. பலருக்கு அம்மா இருக்கிறார், காசிமேட்டில் மீன் விற்கிறார், கொருக்குப்பேட்டையில் வீட்டு வேலை செய்கிறார். வறுமையாலும் பாதுகாப்புக்காகவும் விட்டவர்கள். பிள்ளைக்கு 18 ஆனதும் "படிச்சது போதும், சம்பாதி" என்ற பேச்சு வரும். கையில் வரும் 1,000 ரூபாயில் பாதி அம்மாவுக்குப் போகும். இண்டர்னுக்கு அந்த அம்மா மேல் கோபம் வரும். வரக்கூடாது என்று நான் சொல்வதில்லை; அதை மாணவனிடம் காட்டக்கூடாது. அவன் பத்து வருடம் காத்திருந்தது அந்த அம்மாவுக்காக.

பையன்கள் நிறையப் பேர் ராத்திரியில் கல்யாண மண்டபங்களில் கேட்டரிங் வேலைக்குப் போகிறார்கள். முகூர்த்த நாளுக்கு மறுநாள் முதல் வகுப்பில் ஆள் இருக்காது. வேலையை விடு என்று அறிவுரை சொல்வதில் அர்த்தமில்லை. எந்த மாதத்தில் முகூர்த்தம் அதிகம், எந்த மாதத்தில் இண்டர்னல் தேர்வு என்று இரண்டையும் ஒரே காலண்டரில் குறித்து உட்கார்ந்து பேசினால் அவனே கணக்குப் போட்டுக்கொள்வான்.

இண்டர்ன்கள் பெரும்பாலும் தாம்பரம், வேளச்சேரி, அல்லது வெளி மாவட்டங்களிலிருந்து வருபவர்கள். வட சென்னை என்றால் சினிமாவில் பார்த்த கத்தியும் கபடியும்தான் தெரியும். வகுப்பெடுத்து அதை மாற்ற முடியாது. மின்ட்டிலிருந்து வண்ணாரப்பேட்டை வழியாகத் தண்டையார்பேட்டை வரை நடக்க வைக்கிறேன், டீக்கடையில் உட்கார வைக்கிறேன். மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடிக்காரன் வகுப்புக்கு எப்படிச் சுற்றி வருகிறான் என்று ஒருமுறை அவர்களே சுற்றிப் பார்த்துவிட்டால், ரிப்போர்ட்டில் 'ஆர்வமின்மை' என்ற வார்த்தை குறைகிறது.

ரிப்போர்ட் பற்றி ஒரு விதி. எழுதியதை மாணவன் கேட்டால் படித்துக் காட்ட முடிய வேண்டும். முடியாது என்று தோன்றும் வரியை எழுதாதே. பெயர், இல்லத்தின் பெயர், புகைப்படம் எதுவும் இன்ஸ்டாகிராம் பக்கம் போகக்கூடாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவில், சட்ட நடவடிக்கைகளில் சம்பந்தப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டுவதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 18 தாண்டியவர்களுக்கு அந்தப் பிரிவு எப்படிப் பொருந்தும் என்று விவாதிக்க வரும் புத்திசாலிகளிடம், பொருந்தாவிட்டாலும் போடாதே என்று சொல்லி முடித்துவிடுவேன்.

பணம் கடன் கொடுப்பது கிடையாது. "இருநூறு ரூபா ஜிபே பண்ணுங்கக்கா" என்று கேட்டால் என்னிடம் சொல்ல வேண்டும், நிறுவனத்தின் அவசரச் செலவிலிருந்து பார்ப்போம். ராத்திரி போனில் யாராவது சாகிறேன் என்று பேசினால், இண்டர்ன் தனியாகச் சமாளிக்கக் கூடாது. எனக்குப் போன் செய்ய வேண்டும், எத்தனை மணியானாலும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இண்டர்ன், மாணவன் இருவர் போனிலும் பதிந்திருக்க வேண்டும்.

இனி ஏப்ரல். விடுதிகள் மே மாதம் காலியாகும். எல்லோரும் ஊருக்குப் போவார்கள். இவனுக்கு ஊர் என்று சொல்ல இடமில்லை. இண்டர்ன் போவதும் அதே நேரம். அதனால் பிப்ரவரியிலேயே 'மே மாதம் எங்கே தூங்கப் போகிறாய்?' என்று நேராகக் கேட்கச் சொல்கிறேன். பிற்காப்பு இல்லமா, தங்க இடத்தோடு ஒரு வேலையா, நண்பன் வீடா என்பதை முடிவுசெய்து எழுதிவைத்த பிறகுதான் விடைபெறும் பேச்சு. ஜனவரியிலிருந்தே 'இன்னும் மூன்று மாதம் இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். 'எப்ப வேணும்னாலும் கூப்பிடு' என்ற வாக்குறுதி வேண்டவே வேண்டாம். முதல் வேலைக்குப் போன இண்டர்ன் ஜூன் மாதம் அந்தப் போனை எடுக்கமாட்டார். தப்பில்லை, அவருக்கும் வாழ்க்கை இருக்கிறது. அவனைப் பற்றிய ஃபைலை அடுத்த இண்டர்னிடம் ஒப்படைக்கும்போது மாணவனும் உட்கார்ந்திருப்பான். எதைச் சொல்லலாம், எதை விடலாம் என்பது அவனுடைய உரிமை.

உங்கள் துறையிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. பருவத்துக்கு ஒரு நிறுவனம் என்று மாற்றாமல், இந்த வேலைக்கு வருபவர்களை ஒரு முழுக் கல்வியாண்டுக்கு ஒரே இடத்தில் விடுங்கள். இரண்டாம் ஆண்டு மாணவர்களாக இருந்தால் நல்லது. ஒரு இண்டர்னுக்கு மூன்று மாணவர்களுக்கு மேல் வேண்டாம். மார்ச் மாதம் பிளாக் பிளேஸ்மென்ட் (தொடர்ச்சியான முழுநேரக் களப்பயிற்சி) என்று வெளியூருக்கு அனுப்பிவிடாதீர்கள்; மே மாதத் தங்குமிடம் முடிவாகும் நேரம் அது.