தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்காதீர்கள்: கால்நடை மருத்துவர் பதில்கள்

கே: அடையில் உட்கார்ந்த கோழி சரியாகத் தீனி எடுப்பதில்லை. பிடித்து ஊட்டிவிடலாமா?

ப: வேண்டாம். அடைகாக்கும்போது கோழியின் மூளை, உடம்பு எவ்வளவு எடை இருக்கவேண்டும் என்ற கணக்கையே இறக்கிவைத்துக்கொள்கிறது. அந்த 21 நாளில் பத்தில் ஒரு பங்கு இளைத்தாலும் பசி பெரிதாகத் தெரியாது. குஞ்சு பொரித்தபின் தானே மேய்ந்து தேறிவிடும். பக்கத்தில் தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும்.

கே: எங்கள் லேப்ரடார் எவ்வளவு போட்டாலும் மறுபடி தட்டருகே வந்து நிற்கிறது. பேராசையா?

ப: இல்லை. லேப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு பி.ஓ.எம்.சி. மரபணுவில் ஒரு துண்டு இல்லை என்று 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மூளையில் பசி, தாகத்தைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸ் பகுதியில் 'போதும்' என்ற செய்தி அவற்றுக்குச் சரியாகப் போய்ச் சேராது. உங்கள் நாயும் அப்படி இருக்கலாம். அதற்கு அது நிஜப் பசி. திட்டாதீர்கள், அளந்து போடுங்கள்.

கே: 6 வயதுப் பெண் நாய், கருத்தடை செய்யவில்லை. ஒரு மாதமாக ஓயாமல் தண்ணீர் குடித்து ராத்திரி ஹாலை நனைக்கிறது. ஏழு மணிக்கு மேல் கிண்ணத்தை எடுத்துவைக்கிறோம். சரிதானே?

ப: சரியே இல்லை. எத்தனை தடவை எழுதிவிட்டேன்! தாகம் கெட்ட பழக்கம் அல்ல. ரத்தத்தின் அடர்த்தி நூற்றுக்கு இரண்டு பங்கு கூடினாலே மூளையின் உணர்செல்கள் கண்டுகொள்ளும். 1950-களில் சுவீடனில் பெங்ட் ஆண்டர்சன் ஆடுகளின் ஹைப்போதலாமஸில் துளியளவு உப்புநீரைச் செலுத்தினார். தாகமே இல்லாத ஆடுகள்கூட உடனே மடமடவெனக் குடித்தன. மூளை இடும் அந்தக் கட்டளையை ஒரு நாய் எப்படி மீறும்?

நீங்கள் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறீர்கள். பெரும்பாலும் இப்படிப்பட்ட நாய் நிறையக் குடிப்பதால் ஒன்றுக்குப் போவதில்லை. நிறையப் போவதால்தான் குடிக்கிறது. சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, கருப்பையில் சீழ், எதுவானாலும் சிறுநீரகத்தால் தண்ணீரைப் பிடித்துவைக்க முடியாது. கிண்ணத்தை எடுத்தால் சிறுநீர் நிற்காது, உடம்புதான் வறளும். ராத்திரி முழுக்கக் காயவிட்டு, காலையில் எழுந்து நிற்கவே முடியாத நிலையில் தூக்கிக்கொண்டு வரும் நாய்களைப் பார்த்துப் பார்த்து மனசு ஆறவில்லை.

கிண்ணத்தை இன்றே திரும்ப வையுங்கள். ஒரு நாளில் எவ்வளவு குடிக்கிறது என்று அளந்து எழுதுங்கள். கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் என்றால் நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கருத்தடை ஆகாத பெண் நாய் என்பதால் எனக்கு முதல் சந்தேகம் கருப்பைச் சீழ். நாளைக்கே ஸ்கேன் எடுங்கள்.

கே: பூனை தண்ணீரே குடிப்பதில்லை. என்ன செய்வது?

ப: வயது? ஆணா, பெண்ணா? என்ன சாப்பிடுகிறது? ஒன்றும் எழுதாமல் நான் எதைச் சொல்ல? ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அடுத்த பதிலுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கே: கன்றுக்குட்டி வெயிலில் காய்ந்து வந்து வயிறு முட்டத் தண்ணீர் குடித்தது. அப்புறம் சிறுநீர் சிவப்பாகப் போகிறது.

ப: நெடுநேரத் தாகத்துக்குப் பின் ஒரேயடியாகக் குடித்தால் ரத்தம் சட்டென நீர்த்துச் சிவப்பணுக்கள் வெடிக்கும். உண்ணிக் காய்ச்சலிலும் இதே நிறம்தான். இன்றே மருத்துவரை வரவழையுங்கள். தேறியபின் தொட்டியில் எந்நேரமும் தண்ணீர் இருக்கட்டும்.