ரெயில் பிரஷர் குறைகிறதா? பம்பைக் கழற்றும் முன் டேங்கிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: சங்ககிரிங்க. 2018 மாடல் ஆறு வீல் லாரி, காமன் ரெயில் இன்ஜின். சமதரையில லோடோட நல்லாத்தான் ஓடுது. பண்ணாரி தாண்டி திம்பம் ஏறுனா நாலஞ்சு வளைவுக்குள்ள இழுவை செத்துப்போகுது, செக் லைட் எரியுது, எவ்வளவு மிதிச்சாலும் ஆர்பிஎம் ஏறமாட்டேங்குது. ஓரங்கட்டி ஆஃப் பண்ணி, கொஞ்ச நேரம் விட்டு எடுத்தா மறுபடி ஏறும். அப்புறம் அதே கதை. காலையில முதல் ஸ்டார்ட்டுக்கு ரொம்ப நேரம் செல்ஃப் அடிக்கணும். ஸ்கேனர்ல ரெயில் பிரஷர் குறைவுன்னு வருது. பம்ப் போச்சு, லட்சத்துக்கு மேல ஆகும்ங்கறாங்க. டீசல் ஃபில்டர் போன மாசந்தான் மாத்துனோம். பம்பை மாத்திரலாமுங்களா?

பதில்: இப்போதைக்கு வேண்டாங்க. ஸ்கேனரில் வரும் பி0087 என்ற கோடுக்கு ஒரே பொருள்தான்: இசியு (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) கேட்ட டீசல் அழுத்தம் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்கெல்லாம் டீசல் கொடுக்கும் பொதுக் குழாயில்) வந்து சேரவில்லை. ஏன் வரவில்லை என்பது அந்தக் கோடில் இருக்காது. கேட்ட அளவு வராவிட்டால் இன்ஜினைக் காப்பாற்ற இசியு சக்தியைக் குறைத்துவிடும். நீங்கள் மிதித்தும் ஏறாதது அதனால்தான்.

இந்த வகை இன்ஜினில் ஐடிலில் ரெயிலுக்கு 300, 400 பார் போதும். முழு லோடில் 1,600 பார் வரை கேட்கும். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவும் லோடோடு ஏறும்போது டீசல் தேவை உச்சத்தில் இருக்கும். சமதரையில் தெரியாத குறை அங்கே தெரிவது அதனால்தான். வரத்து எங்கே மட்டுப்படுகிறது என்று தேட வேண்டும்.

நீங்கள் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுவது காலை ஸ்டார்ட். பம்போ, சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரோ தேய்ந்திருந்தால் பெரும்பாலும் சூடான பிறகுதான் ஸ்டார்ட் ஆக மறுக்கும். டீசல் சூட்டில் நீர்த்து, தேய்ந்த இடைவெளி வழியாகக் கசிந்துவிடும். இராத்திரி நின்ற வண்டி காலையில் மட்டும் அடம்பிடித்தால், லைனில் ஏர் புகுந்து டீசல் டேங்குக்கே இறங்கிவிட்டது என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன்.

"எங்கேயும் சொட்டலையே" என்பீர்கள். சொட்டாது. பெரும்பாலான லாரிகளில் டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சும் ஃபீடு பம்ப், ரெயிலுக்கு அழுத்தம் கொடுக்கும் ஹை பிரஷர் பம்பின் முதுகிலேயே இருக்கிறது. டேங்கிலிருந்து அதுவரை உள்ள லைன் முழுக்க உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் வண்டி ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். தளர்ந்த ஓஸ் கிளிப், வெடித்த ரப்பர் ஓஸ், பழையதையே திரும்பப் போட்ட செம்பு வாஷர், டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரின் ஓ-ரிங், கையால் அடித்து டீசல் ஏற்றும் ஹேண்ட் பிரைமரின் சீல் எல்லாவற்றையும் பாருங்கள். போன மாதம் ஃபில்டர் மாற்றியபோதே ஓ-ரிங் சரியாக உட்காராமல் போயிருக்கலாம். காலைத் தொல்லை அதற்கு முன்பா பின்பா தொடங்கியது என்று டிரைவரிடம் கேளுங்கள்.

உறுதி செய்ய, ஃபீடு பம்ப் நுழைவுக்கு முன்னால் டீசலுக்குத் தாங்கும், கண்ணாடி போல உள்ளே தெரியும் ஓஸ் ஒரு முழம் போட்டு இன்ஜினை ஓட விடுங்கள். ஏர் எடுத்து முடித்த பிறகும் குமிழி ஓடிக்கொண்டே இருந்தால் ஓட்டை இருக்கிறது. எந்த இடம் என்று தெரியாவிட்டால், டேங்க் லைனைக் கழற்றிவிட்டு சுத்தமான கேனிலிருந்து, ஃபில்டர் வழியாகவே டீசல் கொடுத்து இராத்திரி நிறுத்துங்கள். காலையில் உடனே பிடித்தால் கோளாறு டேங்குக்கும் நீங்கள் கழற்றிய இடத்துக்கும் நடுவில். கேனை டேங்க் மட்டத்திலேயே வையுங்கள். மேலே தொங்கவிட்டால் டீசல் தானாக இறங்கி ஓட்டையை மறைத்துவிடும்.

அடுத்தது அடைப்பு. மேட்டில் இழுவை போனவுடன், வளைவில் இல்லாமல் பத்திரமான இடமாகப் பார்த்து நிறுத்தி டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தால், டேங்குக்குக் காற்று விடும் பிரீதர் அடைத்திருக்கிறது. இல்லையென்றால் டேங்குக்குள் உறிஞ்சும் குழாயின் வலை. கிழிந்த வேஷ்டித் துணி, சீலன்ட் துண்டு, கறுப்புப் பாசி எல்லாம் அதில் ஒட்டும். வேகமாக இழுக்கும்போது வலையில் போய் அப்பும், இன்ஜினை நிறுத்தினால் விலகி விழும். "கொஞ்ச நேரம் விட்டு எடுத்தா ஏறுது" என்கிறீர்களே, அதற்கு இது பொருந்துகிறது. சாவியைத் திருப்பி உடனே எடுத்தாலும் அதே அளவு ஏறுகிறதா என்று ஒருமுறை பாருங்கள். அப்படியானால் இசியு ரீசெட் ஆனதுதான் காரணம், காத்திருந்ததால் இல்லை.

ஃபில்டர் புதுசு என்பதை நான் அப்படியே நம்ப மாட்டேன். கழற்றிப் பிளந்து பாருங்கள். பேரலில் வைத்த டீசலில் தண்ணீரும் தூசியும் சகஜம். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாற்றும்போது ஃபில்டருக்குள் டீசலை ஊற்றி நிரப்பி மாட்டும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அது வடிகட்டாத டீசல், நேராகப் பம்புக்குத்தான் போகும். ஹேண்ட் பிரைமரால் அடித்து ஏர் எடுப்பதுதான் சரி.

பிளந்த ஃபில்டரில் மினுமினுக்கும் இரும்புத்தூள் தெரிந்தால் கதை வேறு. பம்ப் உள்ளே அரைபடுகிறது. அப்போது பம்பை மட்டும் மாற்றினால் அந்தத் தூள் மற்ற இடங்களில் இருந்துகொண்டு புதுப் பம்பையும் கெடுக்கும். இன்ஜெக்டர், ரெயில், லைன், டேங்க் எல்லாவற்றையும் சுத்தம் செய்தாக வேண்டும்.

தூள் இல்லை, லைனும் சுத்தம் என்றால் இன்ஜெக்டர் ரிட்டர்ன் (மிச்ச டீசல் திரும்பிப் போகும் லைன்) சோதனை. ஒவ்வொரு இன்ஜெக்டர் ரிட்டர்னுக்கும் தனித்தனி பாட்டில் வைத்து ஓடவிட்டால், எது மட்டும் வேகமாக நிரம்புகிறதோ அதுதான் அழுத்தத்தைத் தின்கிறது. அழுத்தம் மீறினால் மட்டும் திறக்கும் ரெயில் ரிலீஃப் வால்வின் ரிட்டர்னையும் கழற்றிப் பாருங்கள். அங்கே டீசல் ஓடக்கூடாது.

பழைய இன்லைன் பம்ப் இன்ஜினில், ஓடும்போதே நாசில் பைப் நட்டைத் தளர்த்தி எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று பார்ப்பார்கள். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. லாரி டயரில் இருப்பது சுமார் 8 பார். இங்கே அதைப் போல 200 மடங்கு. கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள், அட்டையை நீட்டிப் பாருங்கள். தோலைத் துளைத்து டீசல் உள்ளே போனால் ஊசி குத்தியது போல்தான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. அப்படியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதித்தால் விரலே போகலாம்.

இவ்வளவும் சரியாக இருந்து அழுத்தம் மட்டும் வரவில்லையென்றால், பம்புக்குள் போகும் டீசலை அளந்து விடும் மீட்டரிங் வால்வு, அதன் வயரிங், கடைசியாகப் பம்ப். அப்போதும் நேராகப் புதுசு வாங்காமல், காமன் ரெயில் டெஸ்ட் பெஞ்ச் இருக்கும் கடையில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பிரிப்பதற்கு முன் எடுத்த ரீடிங்கையும் வேலை முடிந்த பின் எடுத்த ரீடிங்கையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முன் ரீடிங்கே கம்பெனி அளவுக்குள் இருந்தால் பம்பைப் பிரிக்க விடாதீர்கள்.