மொரீஷியஸுக்கு ஆள் எடுக்கிறீர்களா? ஏஜென்ட் காசை யார் கட்டுவது?

கேள்வி: மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் பலகாரக் கடை வைத்திருக்கிறேன். காரைக்காலிலிருந்து இரண்டு மாஸ்டர்களைக் கூட்டிவர நினைக்கிறேன். வேலை பர்மிட்டுக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி? அங்குள்ள ஏஜென்ட் ஆளுக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறார், பையன்களே கட்டிவிடுவார்களாம். சரிதானா?

பதில்: சரியில்லை. அந்தப் பணத்தைப் பையன்கள் கட்ட விடாதீர்கள்.

முதலில் கெடுபிடி. முதலாளிகள் ஆள் கேட்கிறார்கள். வெளியாள் வந்தால் உள்ளூர்ச் சம்பளம் இறங்கிவிடும் என்று தொழிற்சங்கங்கள் பயப்படுகின்றன. இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் தொழிலாளர் அமைச்சகம் பர்மிட் கொடுக்கிறது. உள்ளூரில் ஆள் தேடினீர்களா, தங்க இடம் இருக்கிறதா என்று கேட்பது அதனால்தான். தங்குமிடத்துக்கென்றே 2011-இல் விதிமுறை வந்தது. கடை மாடியில் பாய் விரித்துக் கொடுத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

1834 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கிய தீவு இது. கொடுமைகள் வெளியே தெரிந்ததும் 1839-இல் அன்றைய பிரிட்டிஷ் இந்திய அரசு ஆள் அனுப்புவதையே நிறுத்தியது. 1842-இல் அரசு மேற்பார்வையோடு மறுபடி திறந்தது. அனுப்பும் நாடும் கேள்வி கேட்க வேண்டும் என்பது அப்போதே தெரிந்த பாடம்.

இன்று அங்கேதான் ஓர் ஓட்டை. பத்தாவது முடிக்காதவர் சவுதிக்கோ குவைத்துக்கோ வேலைக்குப் போனால் இந்தியாவில் எமிக்ரேஷன் கிளியரன்ஸ், அதாவது ஒப்பந்தத்தைப் பார்த்து அரசு தரும் அனுமதி, வாங்க வேண்டும். மொரீஷியஸ் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் பையன்களின் ஒப்பந்தத்தை அங்கே எந்த அதிகாரியும் பார்க்காமலே விமானம் ஏறிவிடலாம். மோசமான ஏஜென்ட்டுக்கு இதைவிட வசதி வேண்டுமா?

ஆனாலும் இந்தியாவின் 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு இல்லாமல் ஆள் எடுப்பது குற்றம். பதிவு பெற்ற ஏஜென்ட்கூட ஒருவரிடம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, இந்திய அரசின் இமைக்ரேட் (eMigrate) இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். எண் தரத் தயங்கினால் அந்த ஆளை விட்டுவிடுங்கள்.

அந்த 30,000-த்தையும் நீங்களே கொடுங்கள் என்பேன். தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதுதான் ஐஎல்ஓ எனும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 181-ஆவது உடன்படிக்கை சொல்லும் பொது விதி. பர்மிட் உங்கள் கடைப் பேரில் இருக்கும். பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்கு நினைத்தவுடன் போய்விட முடியாது. இதோடு ஊரில் வட்டிக்கடனும் ஏறினால், பையன் பன்னிரண்டு மணி நேரம் அடுப்படியில் நின்றாலும் வாய் திறக்க மாட்டான்.

அப்புறம் ஒப்பந்தம். சம்பளம் எந்த நாட்டு ரூபாயில், ஓவர்டைமுக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்குப் பிடித்தம் உண்டா, திரும்பும் டிக்கெட் யார் செலவு, எல்லாம் அதில் இருக்கட்டும். தமிழில் ஒரு பிரதி, அவர்கள் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே கைக்குப் போகட்டும். இங்கே வந்தபிறகு பாஸ்போர்ட்டை நீங்கள் வாங்கி வைக்காதீர்கள்.