எத்தனை பேடு என்று எண்ணினீர்களா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: மகளுக்கு மாதவிடாய் வந்தால் நிற்க மாட்டேன் என்கிறது. மற்ற கேள்விகளை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டேன்.

மகளுக்கு 12 வயது. வயதுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. இந்தத் தடவை 16 நாளாக உதிரம் போகிறது. ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். காத்திருக்கலாமா?

வேண்டாம். ‘ஆரம்பத்தில் அப்படித்தான்’ என்பது தேதி முன்னே பின்னே போவதற்குப் பொருந்தும். முதல் இரண்டு மூன்று வருடம் 21 நாளில் வந்தாலும் சரி, 45 நாளில் வந்தாலும் சரி, கவலைப்பட மாட்டேன். ஆனால் வந்தது 7 நாளுக்குள் நிற்க வேண்டும்.

இந்த வயதில் பல மாதங்கள் சினைமுட்டை வெளிவராமலேயே கழியும். முட்டை வெளிவந்தால்தான் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரக்கும். அது இல்லாவிட்டால் ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோன் மட்டும் கருப்பையின் உள்சவ்வை வளர்த்துக்கொண்டே போகும். தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாத அந்தச் சவ்வு ஒரே மூச்சில் உதிராமல் இன்று ஓர் ஓரம், நாளை இன்னோர் ஓரம் என்று உதிரும். காரணம் சாதாரணமானது என்பதற்காக ரத்தம் குறைவாகவா போகும்? இந்த வாரமே காட்டுங்கள்.

மகளுக்கு ரொம்ப அதிகமாகப் போகிறது. நிற்பதற்கு ஒரு மாத்திரை சொல்லுங்கள் டாக்டர்.

வயது எழுதவில்லை. எத்தனை நாள் என்று எழுதவில்லை. ‘ரொம்ப’ என்றால் எவ்வளவு? மாத்திரையின் பெயர் மட்டும் வேண்டுமாம்!

ஒரு நாளைக்கு எத்தனை பேடு, அது முழுக்க நனைந்ததா, பாதியா, இரவில் எழுந்து மாற்றினாளா, கட்டி கட்டியாக வந்ததா, இவற்றைத் தினமும் எழுதி வையுங்கள். மூன்று முதல் ஆறு பேடு வரை வழக்கம். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று நனைகிறது, ஓர் அங்குலத்துக்கு மேல் பெரிய கட்டிகள் வருகின்றன, படுக்கை நனைகிறது என்றால் அதிகம். புத்தகங்கள் ஒரு மாதவிடாய்க்கு 80 மில்லி என்று கோடு போடுகின்றன. வீட்டில் யார் அளந்து பார்க்கப்போகிறார்கள்? பேடு எண்ணிக்கை போதும். ஒரு பெண் பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் நனைந்த பேடுக்கு முழு வட்டம், பாதி நனைந்ததற்கு அரை வட்டம் என்று போட்டு எடுத்து வந்தாள். அந்த ஒரு பக்கம் எனக்குப் பத்து நிமிடக் கேள்விகளை மிச்சப்படுத்தியது.

13 வயது மகளுக்கு ஸ்கேனில் நீர்க்கட்டி என்று வந்திருக்கிறது. அதனால்தான் உதிரப்போக்கா?

இந்த வயதுப் பெண்களின் சினைப்பையில் சின்னச் சின்ன நீர்ப்பைகள் நிறையத் தெரிவது இயல்பு. வயதுக்கு வந்து எட்டு வருடம் ஆகும்வரை பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி நோய்) என்று முடிவு கட்ட ஸ்கேனைப் பயன்படுத்தக் கூடாது என்றுதான் சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. அந்தத் தாளை மடித்து உள்ளே வையுங்கள். தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்தீர்களா?

டாக்டர் நாரெதிஸ்டிரோன் மாத்திரை கொடுத்தார். இரண்டாம் நாளே நின்றுவிட்டது, உடனே நிறுத்திவிட்டோம். மூன்று நாளில் மறுபடி ஆரம்பித்துவிட்டது. மிச்சமிருந்ததைக் கொடுத்தோம், நின்றது, நிறுத்தினோம், மறுபடி வந்துவிட்டது. இந்த மாத்திரை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?

மாத்திரை ஒத்துக்கொண்டது. நீங்கள்தான் அதோடு ஒத்துப்போகவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்தக் கதையை நான் மாதம் நான்கு தடவையாவது கேட்கிறேன்.

அது புரொஜெஸ்டிரோனின் வேலையைச் செய்யும் செயற்கை ஹார்மோன். உதிர்ந்துகொண்டிருக்கும் சவ்வை இழுத்துப் பிடிக்கிறது, அதனால் ரத்தம் நிற்கிறது. பிடியை விட்டால் இரண்டு மூன்று நாளில் சவ்வு விழத்தான் செய்யும். காய்ச்சல் மாத்திரை போல, நின்றுவிட்டதே என்று இதை நிறுத்த முடியாது. சொன்ன நாள் வரை சொன்ன அளவில் கொடுத்து, குறைக்கச் சொன்னபடி குறைத்து நிறுத்தினால், அதன் பிறகு வருவது எதிர்பார்த்த மாதவிடாய். அது வந்தே தீரும். அதைப் பார்த்து ‘ஐயோ, மறுபடி ஆரம்பித்துவிட்டது’ என்று அடுத்த அட்டையைப் பிரிக்கிறார்கள்.

ஒரு அம்மா என் மேசையில் மூன்று மாத்திரை அட்டைகளை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் நான்கைந்து குழி மட்டும் காலி. ஆறு வாரத்தில் அந்தப் பெண்ணுக்கு மூன்று தடவை ரத்தப்போக்கு, மூன்றும் மாத்திரையை நிறுத்தியதால் வந்தவை. ஹீமோகுளோபின் ஏழுக்குப் பக்கம். முதல் அட்டையை முழுதாகக் கொடுத்திருந்தால் இரண்டாவது அட்டையே வாங்கியிருக்க வேண்டாம்.

இதில் எழுதிக் கொடுப்பவர்களுக்கும் பங்கு உண்டு. ‘நிறுத்திய பிறகு மூன்று நாளில் வரும், பயப்படாதீர்கள்’ என்று ஒரு வரி சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்: எத்தனை நாள், எப்படிக் குறைப்பது, எப்போது வரும். அப்புறம் இன்னொன்று. அக்காவுக்கு வாங்கி மீந்ததைத் தங்கைக்குக் கொடுப்பதும், ‘போன தடவை இதுதானே கொடுத்தார்’ என்று கடையில் நீங்களே கேட்டு வாங்குவதும் வேண்டாம். காரணம் தெரியாமல் ரத்தத்தை மட்டும் நிறுத்தினால் காரணம் அப்படியே உள்ளே இருக்கும். இப்போது செய்ய வேண்டியது, எந்தெந்தத் தேதியில் எத்தனை மாத்திரை என்று எழுதிக்கொண்டு அதே டாக்டரிடம் போவது.

தூக்கமும் சோர்வுமாகவே இருக்கிறாள். ஹீமோகுளோபின் 12 இருக்கிறது, ரத்தசோகை இல்லை என்றுவிட்டார்கள். சோம்பலா?

ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லுங்கள், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தச் சோதனை அது. உடம்பில் சேமித்து வைத்த இரும்பு முழுக்கக் கரைந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். 12 இருந்தும் ஃபெரிட்டின் ஆறு, ஏழு என்று வருகிற பெண்களை அடிக்கடி பார்க்கிறேன். படியேறினால் மூச்சு வாங்கும், முடி கொட்டும், பாடத்தில் மனம் நிற்காது. வீட்டில் அதற்குச் சோம்பல் என்று பெயர்.

இரும்பு மாத்திரையை டீ, காபி, பாலோடு கொடுக்காதீர்கள். வயிற்றைப் புரட்டினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கலாமா என்று கேளுங்கள். பலருக்கு அதுவே போதும். மலம் கறுப்பாகப் போகும், பயம் வேண்டாம். ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். அதையும் பாதியில் நிறுத்தாதீர்கள்.

எனக்கும் சின்ன வயதில் பத்து நாள் போகும். மகளுக்கும் அப்படியே. எங்கள் குடும்ப வாகு என்று விடலாமா?

குடும்ப வாகு என்றால்தான் எனக்குச் சந்தேகம் அதிகமாகும். மூக்கிலிருந்து அடிக்கடி ரத்தம் வருமா? பல் பிடுங்கியபோது நிற்க நேரமானதா? லேசாக இடித்தாலே கன்றிப்போகுமா? மகளுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்தான் கேட்கிறேன்.

பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட் 1926இல் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். அவரிடம் ஐந்து வயதில் வந்த சிறுமி, 13 வயதில், தன் நான்காவது மாதவிடாயில் ரத்தம் நிற்காமலேயே இறந்துபோனாள். ரத்தம் உறையத் தேவையான ஒரு புரதத்தின் குறைபாடு அது. இன்று அவர் பெயரில்தான் அந்த நோயைச் சொல்கிறோம். பெரும்பாலும் இவ்வளவு கடுமையாக இருக்காது, மருந்தும் உண்டு. ஆனால் மாதவிடாய் அதிகமாகப் போகும் வளரிளம் பெண்களைத் தேடிச் சோதித்தால், ஐந்தில் ஒருவர் வரை ஏதாவது ஒரு ரத்தம் உறைதல் குறைபாட்டோடு இருக்கிறார்கள். சோதனை ஒரு தடவை சரியாக வந்தாலும் விட்டுவிடாதீர்கள். பதற்றத்திலும் காய்ச்சலிலும் அந்தப் புரதம் தற்காலிகமாக ஏறிக் காட்டும்.

வயிற்று வலிக்கு ஆஸ்பிரின் கொடுக்கலாமா?

கூடாது. உறைதல் குறைபாடு இல்லை என்று தெரியும்வரை ஐபுபுரூஃபனும் மெஃபனமிக் அமிலமும்கூட டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். பாராசிட்டமால் போதும்.

என் மகளுக்குக் கர்ப்பப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள். அவமானமாக இருந்தது. (ஒரு அப்பா)

நானும் எழுதுவேன், எல்லோருக்கும். அது உங்கள் மகளைப் பற்றிய தீர்ப்பு இல்லை சார், பட்டியலில் ஒரு வரி.

கர்ப்பத்தடை மாத்திரை கொடுக்கச் சொல்கிறார்கள். பின்னால் குழந்தை பிறக்காமல் போய்விடுமா?

போகாது. இங்கே அது ரத்தத்தைக் கட்டுப்படுத்தும் மருந்து. ஒற்றைத் தலைவலியோடு கண்ணில் மின்னல் தெரிவது, குடும்பத்தில் யாருக்காவது காலில் ரத்தக்கட்டு வந்தது இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

இரண்டு மணி நேரத்துக்கு மேல் மணிக்கு ஒரு பேடு நனைந்தால், எழுந்து நின்றால் கண் இருட்டினால், மயங்கினால், நெஞ்சு படபடத்தால், உதடு வெளுத்தால். விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

எனக்கு 14 வயது. டாக்டரிடம் போனால் உள்ளே கைவிட்டுப் பார்ப்பார்களா? அந்தப் பயத்தில் 11 நாளாக அம்மாவிடம் ஐந்து நாள்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பார்க்க மாட்டார்கள் கண்ணு. உன் வயதில் அது பெரும்பாலும் தேவையே இல்லை. கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். வேண்டுமென்றால் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, வயிற்றின் மேல் வைத்து ஸ்கேன் பார்ப்பார்கள். எதைச் செய்தாலும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல். டாக்டர் உன்னோடு தனியாகப் பேச வேண்டும் என்றால் அதுவும் வழக்கம்தான்.

பள்ளிக்கு நாலு மணி நேரத்துக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு பேடு எடுத்துப் போ, ஒரு மாற்று உள்ளாடையோடு. இன்று எத்தனை மாற்றினாய் என்று எழுதி, அந்தத் தாளை அம்மா கையில் கொடு. வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் தாள் போதும். எத்தனை நாள் என்பதற்கு 11 என்று எழுது, ஐந்து என்று எழுதாதே.