கேள்வி-பதில்: 1979 கோப்பை யாருடையது?

கேள்வி: 2025இல் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் சாம்பியன் ஆனது. லீக் பதிவேட்டின்படி அது அவர்களுக்கு இரண்டாவது கோப்பை. 2008இல் ஓக்லஹோமாவுக்கு ஊர் மாறும் முன், சியாட்டில் சூப்பர்சோனிக்ஸ் (சுருக்கமாக சோனிக்ஸ்) என்ற பெயரில் 1979இல் வென்றது முதலாவது. அணி ஊர் மாறினால் வரலாறும் கூடவே போவதுதானே முறை? மினியாபொலிஸிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போன லேக்கர்ஸ் அணி விஷயத்தில் யாரும் சண்டை போடவில்லையே? அரங்கம் கட்டப் பணம் தர மறுத்துவிட்டு, இன்னமும் அந்தக் கோப்பையைச் சியாட்டில்காரர்கள் சொந்தம் கொண்டாடுவது எப்படி நியாயம்?

பதில்: நியாயம்தான். பதிவேட்டில் என்ன இருந்தாலும் 2025இல் ஓக்லஹோமா வென்றது அந்த ஊரின் முதல் கோப்பை. 1979 கோப்பை சியாட்டிலுடையது. இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

நிலத்தை விற்றால் பட்டா பெயர் மாறும். அந்த ஊர்க் கோயிலில் விற்றவரின் குடும்பத்துக்குக் கிடைத்துவந்த முதல் மரியாதை வாங்கியவருக்குப் போய்விடாது. 2006இல் சியாட்டில் அணி சுமார் 35 கோடி டாலருக்குக் கைமாறியபோது, புது உரிமையாளர் கிளே பென்னட்டின் குழு வாங்கியது ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்களையும் லீக்கில் ஓர் இடத்தையும்தான். அதற்கு முந்தைய 39 ஆண்டுகளில் அந்த ஊர் பட்ட பாட்டையும் கொண்டாடிய கொண்டாட்டத்தையும் யாரும் விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது.

1979 என்று ஒரே ஆண்டாகச் சொல்கிறீர்கள். அதற்கு முந்தைய ஆண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1977-78 பருவத்தின் தொடக்கத்தில் சோனிக்ஸ் ஆடிய 22 ஆட்டங்களில் 17இல் தோற்றது. பயிற்சியாளரை நீக்கிவிட்டு லென்னி வில்கன்ஸைக் கொண்டுவந்தார்கள். முன்பு அதே அணிக்கு ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்தவர் அவர். அவர் வந்ததும் அணி எழுந்து நின்றது. இறுதித் தொடர் வரை போனது. வாஷிங்டன் புல்லட்ஸுடன் ஏழாவது ஆட்டம், அதுவும் சொந்த ஊரில். அன்று இளம் ஆட்டக்காரர் டென்னிஸ் ஜான்சன் கூடையை நோக்கி 14 முறை எறிந்தார். 14ம் தவறின. 105-99 என்று கோப்பை கைநழுவியது.

மறு ஆண்டு அதே புல்லட்ஸ், மறுபடியும் இறுதித் தொடர். முதல் ஆட்டத்தில் தோற்ற சியாட்டில் அடுத்த நான்கையும் தொடர்ந்து வென்றது. இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் யார் தெரியுமா? அதே டென்னிஸ் ஜான்சன். முந்தைய ஆண்டு அந்த 14 எறிதல்களையும் அரங்கில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இந்த வெற்றி என்னவாக இருந்திருக்கும்! அவர்கள் இருந்தது சியாட்டிலில். ஓக்லஹோமாவில் ஒருவருக்கும் அந்த வலியும் இல்லை, அந்த மகிழ்ச்சியும் இல்லை. அது அவர்கள் குற்றமும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று 19, 20 வயதுப் பையன்கள் என்.பி.ஏ.வில் கோடிகளில் சம்பாதிக்கிறார்கள் அல்லவா? அதற்கு வழி திறந்ததும் சியாட்டில்தான். உயர்நிலைப்பள்ளி முடித்து நான்கு ஆண்டு ஆகாதவர்களைச் சேர்க்கக் கூடாது என்று லீக்கில் விதி இருந்தது. 1970இல் சோனிக்ஸ் உரிமையாளர் சாம் ஷுல்மன் அதை மீறி இளம் ஆட்டக்காரர் ஸ்பென்சர் ஹேவுட்டை ஒப்பந்தம் செய்தார். லீக் எதிர்த்தது. வெளியூர் அரங்குகளில் தன்னைச் சட்டவிரோத ஆட்டக்காரர் என்று ஒலிபெருக்கியிலேயே அறிவித்தார்கள் என்று ஹேவுட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1971இல் 7-2 என்று ஹேவுட் பக்கம் முடிந்தது. ஒரு சின்ன, புதிய அணி மொத்த லீக்கையும் எதிர்த்து நின்ற கதை இது. இதையும் ஓக்லஹோமாவின் வரலாறு என்று எழுதினால் படிப்பவர்களுக்கு என்ன புரியும்?

சரி, லேக்கர்ஸ் விஷயத்துக்கு வருவோம். மினியாபொலிஸில் ஐந்து பட்டங்கள் வென்ற பின் 1960இல் அந்த அணி லாஸ் ஏஞ்சலஸ் போனது. அந்த ஐந்தையும் சேர்த்துத்தான் இன்று 17 என்று கணக்குச் சொல்கிறார்கள். ஆனால் மினியாபொலிஸ் நாயகர்களுக்கு அரங்கில் ஒரு கொடி ஏற்ற லேக்கர்ஸ் நிர்வாகத்துக்கு 2002 வரை மனம் வரவில்லை. வரலாறு கூடவே போனால் அதற்குக் கிடைக்கும் கவனிப்பு இவ்வளவுதான். மினியாபொலிஸுக்கு நடந்ததும் அநியாயமே. பழைய அநியாயம் ஒன்று இருப்பதால் புதியது நியாயமாகிவிடாது.

அப்புறம், லேக்கர்ஸ் தன் பெயரோடு போனது. சியாட்டில் அப்படி விடவில்லை. அரங்கக் குத்தகை 2010 வரை இருந்ததால் நகராட்சி வழக்குப் போட்டது. 2008 ஜூலை 2 அன்று சமரசம் ஆனது. உரிமையாளர்கள் நகரத்துக்கு 4.5 கோடி டாலர் கொடுத்தார்கள். சூப்பர்சோனிக்ஸ் என்ற பெயர், பச்சை-தங்க நிறங்கள், சின்னம் எல்லாம் சியாட்டிலுக்கு வருங்காலத்தில் வரக்கூடிய அணிக்கென்று ஒதுக்கப்பட்டன. வரலாற்றை மட்டும் இரு தரப்பும் பகிர்ந்துகொள்ளும் என்று எழுதினார்கள். அந்த ஒரு வரிதான் உங்கள் கேள்விக்கே காரணம்.

அரங்கத்துக்குப் பணம் தர மறுத்தார்கள் என்பது உண்மை. ஏன் மறுத்தார்கள் என்று பாருங்கள். சோனிக்ஸ் ஆடிய அரங்கம் 1995இல்தான் பெரும் செலவில் புதுப்பிக்கப்பட்டது. பேஸ்பாலுக்கு 1999இலும் அமெரிக்கக் கால்பந்துக்கு 2002இலும் மக்கள் வரிப்பணத்தைப் போட்டுப் புது மைதானங்கள் எழும்பின. 1979 இறுதித் தொடரின் ஆட்டம் நடந்த கிங்டோம் அரங்கத்தை 2000இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். இடிந்துபோன அந்தக் கட்டடத்தின் கடன் 2015இல்தான் தீர்ந்தது. இந்த நிலையில் பென்னட் 50 கோடி டாலர் அரங்கம் கேட்டு வந்து நின்றார். 2006 நவம்பரில் சியாட்டில் வாக்காளர்களில் சுமார் 74 சதவீதம் பேர் இனி ஊருக்கு லாபமில்லாமல் விளையாட்டு முதலாளிகளுக்கு ஊர்ப்பணம் தர மாட்டோம் என்று வாக்களித்தார்கள். கடனை இன்னும் கட்டிக்கொண்டிருந்தவர்கள் வேறென்ன சொல்வார்கள்?

அதைவிட, அணியை வாங்கியவர்களுக்கு அங்கே தங்கும் எண்ணமே இருந்ததா? பென்னட்டின் கூட்டாளி ஆப்ரே மெக்லெண்டன், சியாட்டிலில் வைத்திருப்பதற்காக நாங்கள் அணியை வாங்கவில்லை என்று 2007இல் ஓக்லஹோமா பத்திரிகை ஒன்றிடம் சொன்னார். லீக் அவருக்கு இரண்டரை லட்சம் டாலர் அபராதம் போட்டது. அடுத்த ஆண்டே இடமாற்றத்துக்கு 28-2 என்று அனுமதியும் கொடுத்தது. எதிர்த்து வாக்களித்தவை டல்லஸ், போர்ட்லண்ட் இரண்டுதான்.

2008 ஏப்ரல் 13, சொந்த அரங்கில் கடைசி ஆட்டம். 82 ஆட்டங்களில் 20 மட்டுமே வென்ற பருவம் அது. இருந்தும் அரங்கம் நிரம்பி, எங்கள் சோனிக்ஸைக் காப்பாற்றுங்கள் என்று முழங்கியது. அணியின் 19 வயது ஆட்டக்காரர் கெவின் டுராண்ட் கைகளை உயர்த்தி, இன்னும் சத்தமாக என்று கூட்டத்தைப் பார்த்துச் சைகை செய்தார். டல்லஸை 99-95 என்று வென்றார்கள். அக்கறையில்லாத ஊர் என்று இவர்களைச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. பென்னட் குழு விற்ற பெண்கள் அணியான ஸ்டார்மை உள்ளூர்ப் பெண்கள் சிலர் சேர்ந்து வாங்கி ஊரிலேயே நிறுத்தினார்கள். 2010, 2018, 2020 என்று அது மூன்று பட்டங்கள் வென்றது.

ஓக்லஹோமா மக்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கத்ரீனா புயலுக்குப் பின் நியூ ஆர்லியன்ஸ் அணிக்கு இரண்டு பருவம் இடம் கொடுத்து அரங்கை நிரப்பியவர்கள் அவர்கள். 2012 இறுதித் தொடரில் தோற்று, ஆட்டக்காரர் ஜேம்ஸ் ஹார்டனை இழந்து, 2016இல் டுராண்ட் விட்டுப் போனதையும் தாங்கி, ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டரை வைத்து 68 வெற்றிகளுடன் வந்த 2025 கோப்பை முழுக்க முழுக்க அவர்களுடையது. அதை இரண்டாவது என்று எழுதுவது அவர்களுக்கும் செய்யும் குறைதான்.

சியாட்டில் ரசிகர்களுக்கும் ஒன்று சொல்வேன். 2013இல் ஒரு முதலீட்டாளர் சாக்ரமென்டோ கிங்ஸை வாங்கி அங்கே கொண்டுவர முயன்றபோது பலர் மகிழ்ந்தார்கள். லீக் 22-8 என்று தடுத்தது நல்லதாயிற்று. தங்களுக்கு நேர்ந்ததை இன்னொரு ஊருக்குச் செய்து அணி பெறக் கூடாது. லீக் விரிவடையும்போது புது அணியாக வருவதுதான் சரியான வழி.

அப்படி வரும் நாளில் லீக் செய்ய வேண்டியதற்கு முன்மாதிரி இருக்கிறது. சார்லட் ஹார்னெட்ஸ் 2002இல் நியூ ஆர்லியன்ஸ் போனது. 2014இல் சார்லட்டின் புது அணி அந்தப் பெயரைத் திரும்பப் பெற்றபோது, 1988 முதல் 2002 வரையிலான சாதனைகளும் புள்ளிவிவரங்களும் சார்லட்டுக்கே திரும்பின. பதிவேட்டைத் திருத்தினார்கள், அவ்வளவுதான். சோனிக்ஸ் விஷயத்திலும் அந்தப் பகிர்வு வரியை நீக்க ஓக்லஹோமா நிர்வாகமே முன்வரலாம். அவர்கள் அரங்கில் 1979 கொடியை அவர்களே இதுவரை தொங்கவிட்டதில்லை.