கட்டிலில் கிடத்தும் அன்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதுமையில் வரும் நோயும் முடக்கமும் பெருமளவு தடுக்கக்கூடியவை என்று எழுதியிருந்தீர்கள். படிக்க ஆறுதலாக இருந்தது. ஆனால் என் வீட்டில் நடப்பது வேறு.

அப்பாவுக்கு 79 வயது. ஒன்றரை மாதம் முன்பு, இரவில் சிறுநீர் கழிக்க எழுந்தபோது விழுந்துவிட்டார். எலும்பு முறிவு இல்லை. ஆனால் நாங்கள் பயந்துபோனோம். அன்றிலிருந்து அவரைத் தனியாக நடக்கவிடுவதில்லை. சாப்பாடு கட்டிலுக்கே போகிறது, உடம்பையும் துடைத்துவிடுகிறோம். இப்போது இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால்தான் எழுந்திருக்கிறார். தினமும் ஒன்பது மாத்திரைகள், இரவில் போடும் தூக்க மாத்திரையையும் சேர்த்து. தொலைக்காட்சியை அலறவிடுகிறார், கூப்பிட்டால் திரும்புவதில்லை. மறதி நோய் ஆரம்பித்துவிட்டதோ என்று தங்கை கவலைப்படுகிறாள். மருத்துவரிடம் கேட்டால், “வயதாகிவிட்டது, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்கிறார்.

இந்த வயதில் பயிற்சி, பரிசோதனை என்று அவரை இழுத்தடிப்பது வன்முறை இல்லையா? இயற்கையின் போக்கில் விட்டுவிடுவதுதானே மரியாதை? எனக்கு 52 வயது. நானாவது தினம் ஒரு ஆஸ்பிரின் போட்டுக்கொண்டால் இந்த நிலையிலிருந்து தப்பிக்கலாமா?

ச.

அன்புள்ள ச.,

நான் மருத்துவன் அல்ல, இந்தத் துறையைப் பல காலமாக வாசித்துவருபவன். உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன், அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

விழுந்த பிறகு அப்பாவுக்குத் தலையில் ஸ்கேன் எடுத்தார்களா? வயதானவர்களுக்கு, தலையில் லேசாக அடிபட்டிருந்தாலும், மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையில் ரத்தம் மெல்லக் கசிந்து சேரலாம். விழுந்த அன்று ஒன்றும் தெரியாது. சில வாரங்கள் கழித்துத்தான் மந்தம், குழப்பம், தலைவலி, நடையில் தள்ளாட்டம், ஒரு பக்கம் பலவீனம் என்று வெளிப்படும். அந்த ஒன்பது மாத்திரைகளில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். அவர் விழுந்து ஆறு வாரமாகிறது, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்கிறீர்கள். காது கேளாமைதான் காரணமாக இருக்கலாம். ஆனால் அப்படி நாமே முடிவு செய்துகொள்ளக் கூடாது. ஸ்கேன் எடுக்கவில்லை என்றால் நாளைக்கே மருத்துவரிடம் விழுந்த தேதியைச் சொல்லிக் கேளுங்கள். பகலிலும் தூங்கி வழிகிறார், பேச்சு குழறுகிறது என்றால் நாளை வரைகூடக் காத்திருக்க வேண்டாம். இந்தக் கசிவு சிகிச்சைக்குக் கட்டுப்படக்கூடியது. ‘வயதாகிவிட்டது’ என்று விட்டுவிடுவதில்தான் விபரீதம்.

இனி உங்கள் கேள்வி. இயற்கையின் போக்கு என்கிறீர்கள். விழுவதற்கு முந்தைய நாள் வரை உங்கள் அப்பா தானாக எழுந்து நடமாடியவர். இன்று அவரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஆறு வாரத்தில் யாருக்கும் இவ்வளவு வயதாகிவிடாது. மண்டைக்குள் ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டால், அவரை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது பெரும்பாலும் கட்டில்தான். அதாவது உங்கள் அன்பு. கடுமையாகச் சொல்கிறேன் என்று வருந்தாதீர்கள். பெரியவர்களை நேசிக்கும் எல்லா வீடுகளிலும் இதுதான் நடக்கிறது.

2007-இல் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு வெளியானது. நோய் எதுவும் இல்லாத, நன்றாக நடமாடிக்கொண்டிருந்த 12 முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். பத்தே நாளில் அவர்களின் கால்களிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்துபோயிருந்தது. நோயாளி அல்லாதவர்களுக்கே பத்து நாளில் இந்தக் கதி. தசை மட்டும் என்றில்லை. படுத்தே கிடப்பவருக்கு எழுந்தால் ரத்த அழுத்தம் சரிகிறது, மலச்சிக்கல் வருகிறது, நுரையீரலில் சளி தங்குகிறது, முதுகில் புண் வருகிறது. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு மாத்திரை எழுதப்படுகிறது. விழுந்துவிடுவாரோ என்று அஞ்சித்தான் படுக்க வைத்தீர்கள். படுத்துக் கிடந்த கால்கள்தான் அடுத்த முறை இன்னும் எளிதாக விழும்.

இதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் மார்ஜரி வாரன் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1935-இல் லண்டனின் மேற்குப் பகுதியில் அவர் பணிபுரிந்த மருத்துவமனை, பக்கத்திலிருந்த ஏழைகள் விடுதியின் நோயாளிக் கூடத்தையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. நூற்றுக்கணக்கான முதியவர்கள் அங்கே ‘தீராத நோயாளிகள்’ என்ற முத்திரையோடு ஆண்டுக்கணக்கில் படுத்துக் கிடந்தார்கள். என்ன நோய் என்று யாரும் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. வாரன் ஒவ்வொருவராகப் பரிசோதித்தார், தீர்க்கக்கூடியதைத் தீர்த்தார், எழுந்து நடக்கப் பயிற்சி கொடுத்தார். படுக்கையே கதி என்று விடப்பட்டவர்களில் பலர் எழுந்து நடமாடினார்கள், வீடு திரும்பியவர்களும் உண்டு. முதியோர் மருத்துவம் தனித்துறையாக வளர்வதற்கு அந்தக் கூடமும் ஒரு காரணம்.

79 வயதில் பயிற்சி பலன் தருமா என்ற கேள்விக்கும் எப்போதோ விடை கிடைத்துவிட்டது. 1990-இல் பாஸ்டனில் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர், முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரியாக 90 வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்தசைப் பயிற்சி கொடுத்தார். சும்மா கைகாலை அசைக்கும் பயிற்சி அல்ல, எடை தூக்கும் பயிற்சி. முடித்தவர்களின் தசைவலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். 1994-இல் நூறு பேரை வைத்துச் செய்த அடுத்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. பயிற்சி இல்லாமல் சத்துப்பானம் மட்டும் குடித்தவர்களுக்குத் தசைவலு கூடவில்லை. அப்பா மெலிந்துவிட்டார் என்றதும் டப்பா டப்பாவாகச் சத்துமாவு வாங்கி அடுக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். புரதம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் வேலை கொடுக்காத தசைக்கு அது போய்ச் சேர்வதில்லை.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? நாற்காலியிலிருந்து. சக்கரம் இல்லாத, கைப்பிடி உள்ள, உறுதியான நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். அப்பா இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்ந்து உட்காரட்டும். பாதங்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் தரையில் நன்றாகப் பதியட்டும். கைகளைக் கைப்பிடியில் ஊன்றி, மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும் வரை முன்னால் குனிந்து, பிறகு எழட்டும். வயதானவர்கள் எழ முடியாமல் தவிப்பதற்குப் பாதிக் காரணம் இந்தக் குனிதலுக்குப் பயப்படுவதுதான். பின்னால் சாய்ந்தபடியே எழப் பார்ப்பார்கள், பொத்தென்று மறுபடி உட்கார்ந்துவிடுவார்கள். நீங்கள் அக்குளில் தூக்கும்போதும் அவர் உடம்பு பின்னுக்குத்தான் சாய்கிறது, போதாததற்குத் தோள்மூட்டும் கெடுகிறது. தூக்காதீர்கள், பக்கத்தில் நில்லுங்கள். முடியாவிட்டால் இருக்கையில் ஒரு கெட்டியான திண்டை வைத்து உயரத்தைக் கூட்டுங்கள். வலு வர வர உயரத்தைக் குறைக்கலாம். எழுவதைவிட முக்கியமானது உட்காருவது. உடம்பைத் தொப்பென்று போடாமல், மெதுவாக இறக்கி உட்காரும் அந்தச் சில நொடிகளில்தான் தொடைத்தசை நன்றாக வேலை செய்கிறது. முதலில் ஒரு பிசியோதெரபிஸ்டை வரவழைத்து, அவர் முன்னால் செய்து பாருங்கள்.

பிசியோதெரபிஸ்டுகள் எளிய சோதனை ஒன்று வைத்திருக்கிறார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து இருப்பதாகக் கொள்வார்கள். உங்கள் அப்பாவுக்கு இப்போது எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை. அதைக் குறித்து வையுங்கள். சில வாரம் கழித்து அந்த எண்ணே சொல்லும்.

இதோடு அவர் ஏன் விழுந்தார் என்றும் பார்க்க வேண்டும். ‘வழுக்கியது’ என்ற பதிலோடு விசாரணையை முடித்துவிடாதீர்கள். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்து, எழுந்து நின்றதும் ஒன்றாவது நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், இரவில் அவரைத் தள்ளியது அதுவாக இருக்கலாம். பெரும்பாலான மருத்துவர்கள் உட்கார வைத்துத்தான் அழுத்தம் பார்க்கிறார்கள். நின்றால் என்னவாகிறது என்று யாருக்கும் தெரிவதில்லை.

ஒன்பது மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொன்றும் எதற்கு, இன்னும் தேவையா என்று ஒரே மருத்துவரிடம் கேளுங்கள். முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று மார்க் பியர்ஸ் என்ற மருத்துவர் 1991-இல் தொகுத்த பட்டியல் இன்றும் திருத்தப்பட்டு வருகிறது. தூக்க மாத்திரைகள் அதில் முக்கிய இடம் பிடித்தவை. தள்ளாட்டம், குழப்பம், விழுதல் மூன்றுக்கும் அவை காரணமாகலாம். ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். சில வகைகளைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு எல்லா மாத்திரையையும் குப்பையில் போடக் கிளம்பும் உறவினர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அவருக்காக ஒரு தகவல். 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், 80 வயதைக் கடந்த 3,845 பேரை எடுத்துக்கொண்டு உயர் ரத்த அழுத்தத்துக்கு மருந்து கொடுத்தால் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். மருந்து எடுத்தவர்களிடையே இறப்பு குறைந்தது, இதயச் செயலிழப்பு வெகுவாகக் குறைந்தது. ஆய்வையே முன்கூட்டி நிறுத்தும் அளவுக்குப் பலன் தெளிவாக இருந்தது. எண்பதுக்கு மேல் சிகிச்சை வீண் என்பது வெறும் வழக்கம், மருத்துவம் அல்ல.

காது. தொலைக்காட்சி அலறுகிறது என்றால் மறதிக்கான சோதனைக்கு முன் காதைச் சோதியுங்கள். குறும்பியே அடைத்திருக்கலாம். கேள்வி காதிலேயே விழாதவர் தப்பான பதில் சொன்னால் அதை மறதிக் கணக்கில் எழுதிவிடுகிறோம். கேட்புக்குறைவை அப்படியே விடுவது மறதி நோய்க்கும் வழிவிடலாம். ‘லான்செட்’ மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் 2024 அறிக்கை, மறதி நோய்க்கான, மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சொல்கிறது. கேட்புக்குறைவு, பார்வைக்குறைவு இரண்டும் அதில் உண்டு. அத்தனையையும் சரிசெய்ய முடிந்தால் மறதி நோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. கூடவே ரத்தத்தில் வைட்டமின் பி12, தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுங்கள். கண்ணில் புரை இருக்கிறதா என்றும் பாருங்கள், எலும்பின் அடர்த்தியையும்.

வன்முறை இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். இவ்வளவு நீண்ட கடிதத்தில் அப்பா என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. என்னை உறுத்தியது அதுதான். அவரிடம் கேளுங்கள், சத்தமாக, முகத்துக்கு நேராக. தானாகக் கழிவறைக்குப் போய்வர வேண்டும் என்பார் என்று நினைக்கிறேன். அனேகமாக எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். அப்படியானால் கட்டிலிலிருந்து கழிவறை வரைதான் அவருடைய சிகிச்சை. வழியில் இரவு விளக்கு, சுவரில் கைப்பிடிக் கம்பி, காலில் கழன்றுபோகாத செருப்பு, தரையில் மடங்கும் விரிப்பு எதுவும் இல்லாமை, தேவையென்றால் வாக்கர். எல்லாம் பார்த்த பிறகும் உடல் ஒத்துழைக்காத ஒரு கட்டம் வரலாம். அப்போது வலியில்லாமல் வைத்திருப்பதே மரியாதை. அந்த முடிவுக்கு அவரைப் பரிசோதிக்கும் முன்பே வந்துவிடக் கூடாது.

ஆஸ்பிரின் வேண்டாம். 2018-இல் முடிவு வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,000-க்கும் அதிகமான ஆரோக்கியமான முதியவர்கள், பெரும்பாலும் 70 வயதைக் கடந்தவர்கள், கலந்துகொண்டார்கள். முடங்காமல் வாழும் ஆண்டுகள் கூடுகிறதா என்பதைத்தான் முக்கியமாகப் பார்த்தார்கள். கூடவில்லை, ரத்தக்கசிவுதான் கூடியது. மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு மருத்துவர் எழுதித் தருவது வேறு கதை. உங்கள் வயதில் பார்க்க வேண்டியவை ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகைப்பழக்கம். நடுவயதில் கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தம் பிற்காலத்தில் மூளையையும் சிறுநீரகத்தையும் பிடிக்கிறது. வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள், நடை மட்டும் போதாது.

அப்பாவின் மாத்திரைகளை எண்ணி எழுதிய நீங்கள் உங்கள் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று எழுதவில்லை. அவரை அழைத்துப் போகும் நாளிலேயே நீங்களும் பார்த்துவிடுங்கள், தங்கையும்.