புண்ணாக்கு தண்ணி ஊத்தியும் தக்காளி பூக்கல – பதில்

நீங்க சொன்னத வச்சு பாத்தா பிரச்சனை ஊட்டம் கம்மியானதுல்லங்க, அதிகமானது. கடலைப் புண்ணாக்க ஒரு வாரம் மூடி ஊற வச்சு, வாரம் ரெண்டு தடவ தண்ணி கலக்காம அப்படியே ஊத்துறீங்க, புண்ணாக்குல நைட்ரஜன் (இலை தழைக்க வைக்கிற சத்து) சுமார் 7 சதவீதம் இருக்கு, அதான் செடி கருகருன்னு தழைச்சுட்டு பூ மட்டும் வர மாட்டேங்குது, இலை நுனி கருகுறதும் அதனாலயாதான் இருக்கும். உங்க வேளச்சேரி போர் தண்ணி வேற உப்பா இருந்தா கேக்கவே வேணாம்.

இப்போ மொதல்ல எல்லாத்தையும் நிறுத்துங்க. தொட்டி அடில வழியுற வரைக்கும் நல்ல தண்ணி ஊத்தி விடுங்க, ரெண்டு மூணு வாரம் சும்மா விடுங்க. அப்புறம் ஆரம்பிக்கும்போது, ஊறினதுக்கு பத்து மடங்கு தண்ணி கலந்து, மண்ணு ஈரமா இருக்கும்போது பதினஞ்சு நாளுக்கு ஒருக்கா போதும். ரெண்டு நாள் ஊறினாலே போதும், மூடிய இறுக்கமா போடாம துணி கட்டி தினமும் குச்சியால கலக்கி விட்டா நாத்தம் நெறைய குறையும், பக்கத்து வீட்டு மாமியும் சண்டைக்கு வர மாட்டாங்க 😄

பூ வர்றதுக்கு பஞ்சகவ்யம் (சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேத்து புளிக்க வச்ச கரைசல்) 3 சதவீதம், அதாவது லிட்டருக்கு 30 மில்லி, வடிகட்டி சாயங்காலமா ஸ்ப்ரே பண்ணிப் பாருங்க. யூடியூப்ல சொல்ற வாழைப்பழத் தோல் தண்ணில எனக்கு பெருசா நம்பிக்கை இல்ல, அத கம்போஸ்ட்ல போடுங்க. அடுப்பு சாம்பல் போடலாம்னு நினைச்சா, போர் தண்ணி ஊத்துற செடிக்கு அதுவும் வேணாம்.

இன்னொன்னு, இது மே மாசம், ராத்திரி கூட அனல் அடிக்குது, இந்த சூட்டுல பூ வந்தாலும் உதிரும், அதுக்கு எந்த கரைசலும் உதவாது, நிழல்வலை கட்டிட்டு ஆடி வரைக்கும் பொறுங்க.